செஞ்சிமலையில் நாற்பத்தாறு டோக்கன்

போன மாதம் எங்கள் தொழிற்சாலை மனமகிழ் மன்றத்தின் புதுச் செயலாளர், வேலப்பன்சாவடியில் இருக்கும் என் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். முப்பது வயது இருக்கும். உட்கார்ந்ததும் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து பேனாவின் மூடியையும் கழற்றிவிட்டார்.

"அண்ணே, இந்த வருஷம் ஏலகிரிக்கு டூர். அம்பது பேரு. நீங்க பதினோரு வருஷம் டூர் இன்சார்ஜா இருந்தீங்களாமே? மலைக்குக் கூட்டிட்டுப் போன ஆளுங்கள எப்படித் திரும்பக் கூட்டிட்டு வர்றதுன்னு சொல்லுங்க."

"கூட்டிக்கிட்டே போகாத தம்பி. அதுதான் சுலபம்" என்றேன்.

அவர் சிரித்தார். நான் தமாஷ் பண்ணவில்லை. தொழிற்சாலையில் என்னைக் கோமாளி என்று முடிவுகட்டி இருபது வருஷமாகிறது. "வயித்த வலிக்குதுப்பா" என்று நான் சொன்னாலும் சுற்றி நிற்கிறவர்கள் கைதட்டுவார்கள். விருப்ப ஓய்வு வாங்கி வீட்டில் உட்கார்ந்த பிறகுதான் என் வயிற்றுவலி நிஜமான வயிற்றுவலியானது.

போகும்போது, "எழுதியே குடுத்துடுங்கண்ணே, ஆண்டு மலர்ல போடறோம்" என்றார். எழுதுகிறேன். சிரிக்கிற இடத்தில் சிரித்துக்கொள்ளுங்கள்.

நான் டைம் ஆபீஸில் குமாஸ்தா. ஊழியர்கள் பாஷையில் டைம்கீப்பர். எங்கள் கேட்டில் இரண்டு பெரிய பலகைகள் இருக்கும். இரண்டிலும் வரிசை வரிசையாகக் கொக்கிகள், கொக்கிக்கு ஒரு எண். வேலைக்கு வருகிறவன் வெளிப்பலகையிலிருந்து தன் எண் போட்ட பித்தளை டோக்கனை எடுத்து உள்பலகையில் மாட்ட வேண்டும். போகும்போது மறுபடியும் வெளிப்பலகையில் மாட்ட வேண்டும். வெளிப்பலகையில் எந்தக் கொக்கி காலியோ அந்த ஆள் உள்ளே. இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஆறு மாதம் பயிற்சி கொடுத்தார்கள். அரை நாளில் கற்றுக்கொண்டேன். மீதி நாட்களில் கேன்டீன் போண்டாவைப் பற்றிக் கற்றுக்கொண்டேன்.

எனக்கு மேலே இருந்தவர் டைம் ஆபீஸர் சபாபதி சார். ஒல்லியான மனிதர். காதில் பென்சில். அவர் கத்தி யாரும் கேட்டதில்லை. தப்பு செய்தவன் முன்னால் நின்று மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார், வேட்டித் துணியில் தைத்த ஒரு சின்னத் துண்டால் முதலில் இடது கண்ணாடி, அப்புறம் வலது கண்ணாடி என்று துடைப்பார், மறுபடி மாட்டிக்கொண்டு "சரி" என்பார். அவ்வளவுதான். "சரி" குட்டையாக வந்தால் பிழைத்தோம். "சரீ..." என்று நீண்டால் வீட்டுக்குப் போய் மனைவியிடம் என்ன சொல்வது என்று யோசிக்க ஆரம்பிக்கலாம்.

பலகையை அவர் படிக்கிற விதமே தனி. நாமெல்லாம் மேலே இடது மூலையிலிருந்து பார்ப்போம். அவர் கீழே வலது மூலையில் ஆரம்பித்து மேலே ஏறுவார். "ஏமாத்தறவன் எல்லாம் நம்ம கண்ணு சலிச்சுப்போற இடத்துலதான் ஏமாத்துவான், கோதண்டம். நாம அங்கேருந்தே ஆரம்பிச்சுடணும்" என்பார். ஒருத்தன் டோக்கனை இன்னொருத்தன் மாட்டுவதுதான் எங்கள் கேட்டில் பெரிய குற்றம். பிடிபட்டால் மூன்று நாள் சஸ்பெண்ட். ஆனாலும் தினம் யாராவது மாட்டுவார்கள். சிநேகிதன் கேட்டால் முடியாது என்று சொல்கிற பழக்கம் எங்கள் ஆட்களுக்குக் கிடையாது. அது ஒன்றுதான் அவர்கள் மேல் எனக்கு இருந்த புகார்.

டூருக்கும் டோக்கனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். முதல் வருஷம் காஞ்சிபுரம் போனோம். தலையை எண்ணித்தான் ஏற்றினேன். போகும்போது நாற்பது, வரும்போதும் நாற்பது, கணக்கு சுத்தம் என்று மார்தட்டிக்கொண்டேன். பூந்தமல்லி தாண்டியதும் கடைசி சீட்டில் ஓர் அம்மாள் எழுந்து, "ஏம்பா, அரக்கோணம் எப்ப வரும்?" என்றாள். யாரோ ஒரு அம்மாளைக் கூட்டிவந்துவிட்டேன். அவளுக்குப் பதிலாக எங்கள் வெல்டர் ஒருவர் காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் சபாபதி சார் கண்ணாடியைத் துடைத்துவிட்டுச் சொன்னார்: "தலைய எண்ணாத. தலை அசையும். டோக்கன எண்ணு." அன்று முதல் டூருக்கென்று ஒரு பிளைவுட் பலகை செய்தோம். ஸ்டோரில் சும்மா கிடந்த பழைய டோக்கன்களை மாட்டினோம். பஸ்ஸை விட்டு இறங்கும்போது எடுத்துக்கொள், திரும்பி வந்ததும் மாட்டு. பலகை நிரம்பினால் பஸ் கிளம்பும்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு தை மாதம், ஞாயிற்றுக்கிழமை, செஞ்சிக்கோட்டைக்குப் போனோம். நாற்பத்தாறு பேர். காஞ்சிபுரம், வந்தவாசி வழியாகப் போய்ச் சேரும்போது வெயில் ஏறிவிட்டது.

செஞ்சியைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். யாரோ ராட்சதன் லாரி லாரியாகப் பாறைகளைக் கொண்டுவந்து கொட்டிவிட்டு, அடுக்கி வைக்க மறந்துபோன மாதிரி இருக்கும் அந்த மலைகள். ஒவ்வொரு பாறையும் இதோ உருளப்போகிறேன் என்று நிற்கும். மூன்று மலைகளை மதிலால் கோத்துக் கோட்டை கட்டியிருக்கிறார்கள். பெரியது ராஜகிரி. படிகள், வாசல்கள், மறுபடி படிகள். உச்சிக்குச் சற்று முன்னால் மலையே இரண்டாகப் பிளந்திருக்கும். அந்தப் பிளவைத் தாண்ட ஒரு குறுகலான பாலம். அந்தப் பாலத்தை எடுத்துவிட்டால் எந்தப் படையும் மேலே போக முடியாது என்று எங்களோடு வந்த ஒரு வாத்தியார் விளக்கினார். நான் அந்தப் படையின் பக்கம்தான். பாலத்தைப் பார்த்ததுமே எனக்கு விக்கல் வந்துவிட்டது.

பயம் வந்தால் எனக்கு விக்கல் வரும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பெண் பார்க்கப் போனபோது வந்தது. பெண் வீட்டார் நான்கு சொம்பு தண்ணீர் கொடுத்தார்கள். மாப்பிள்ளைக்கு ஏதோ வியாதி என்று முடிவுகட்டி, அப்புறம் வேறு மாப்பிள்ளை கிடைக்காததால் சம்மதித்தார்கள்.

பாலத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்தேன். உச்சியில் கோயில் இருந்தது, பழைய பீரங்கி இருந்தது, தானியக் களஞ்சியம் இருந்தது, பாறையிடுக்கில் சுனை ஒன்று இருந்தது. இருந்தது என்றுதான் எழுத முடியும். நான் எதையும் பார்க்கவில்லை. யார் விளிம்பில் நிற்கிறார்கள், யார் வீட்டுக் குழந்தை குரங்குக்கு முறுக்கு நீட்டுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் ஆனதும், "நாலரைக்குள்ள எல்லாரும் கீழ இருக்கணும்" என்று கத்திவிட்டு முதல் ஆளாக இறங்கிவிட்டேன்.

ஐந்து மணிக்குக் கால் மணி இருக்கையில் பலகை நிரம்பியது. சபாபதி சார் வந்தார். கீழ் வலது மூலையிலிருந்து ஆரம்பித்து நாற்பத்தாறையும் பென்சிலால் தொட்டார். "சரி" என்றார். ரொம்பக் குட்டையான சரி. எனக்கு வானத்தில் மிதப்பது போல இருந்தது.

பஸ் உறுமியது. பெண்கள் வரிசையிலிருந்து பார்வதி எழுந்தாள். குவார்ட்டர்ஸில் குடியிருக்கும் கடைசல் மெஷின்காரர் சுடலைமுத்துவின் மனைவி. திருநெல்வேலிப் பக்கம்.

"அண்ணாச்சி, அவுக எங்க? பின்னால இருக்காகளா?"

பின்னால் இல்லை. முன்னால் இல்லை. பஸ்ஸுக்கு அடியிலும் இல்லை. ஆமாம், அடியிலும் குனிந்து பார்த்தேன். சுடலைமுத்துவின் டோக்கன் பத்தொன்பதாம் நம்பர். அது பலகையில் சமர்த்தாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஆள் இல்லை. எனக்கு மறுபடி விக்கல் வந்தது.

"யாரு மாட்டினது பத்தொம்போது?"

ஜன்னலோரத்தில் முனுசாமி மெதுவாக எழுந்தான். பாரிவாக்கத்துக்காரன். அப்பனுக்கு அங்கே நிலம் இருந்தது, இவன் லேத்துக்கு வந்துவிட்டான். சுடலைமுத்துவுக்குப் பக்கத்து மெஷின், உயிர் சிநேகிதன்.

"நான்தான் அண்ணாத்தே மாட்னேன்."

"ஏண்டா மாட்டினே?"

"மச்சான் குட்த்தான். 'நீ போய் மாட்டிடு மாமே, நான் பின்னாடியே வந்துகினு கீறேன்'னான். பழக்க தோசம், வாங்கிகினு வந்துட்டேன்."

"இது ஃபேக்டரி கேட்டாடா? மலைடா! மலை!"

"டோக்கன் ஒண்ணுதானே அண்ணாத்தே" என்றான் முனுசாமி, நிஜமாகவே புரியாமல்.

பார்வதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழவில்லை. சூரியன் எங்கே இருக்கிறது என்று அண்ணாந்து பார்த்தாள். அவள் ஏன் சூரியனைப் பார்த்தாள் என்பது எனக்கு ஒரு மணி நேரம் கழித்துத்தான் புரிந்தது.

சபாபதி சார் கண்ணாடியைக் கழற்றினார். ஆனால் துடைக்கவில்லை. "கோதண்டம், நீ போ" என்றார்.

கோட்டைக் காவலாளி, இந்த நேரத்தில் யாரையும் மேலே விட மாட்டேன் என்றார். நான் அவரிடம் விக்கினேன். பேச வாய் திறந்தால் விக்கல்தான் வந்தது. ஒரு கட்டத்தில் இரக்கப்பட்டாரோ பயந்துவிட்டாரோ, டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு அவரும் வந்தார். நான், முனுசாமி, காவலாளி, மூன்று பேரும் ஏறினோம்.

காலையில் ஏறிய அதே படிகள்தான். யாரோ மத்தியானத்தில் வந்து இன்னும் நூறு படி சேர்த்திருந்தார்கள். நான் "சுடலை!" என்று கூப்பிட வாயெடுப்பேன், "சுட... ஹிக்" என்று வரும். பாறைகளெல்லாம் அதைத் திருப்பிச் சொல்லும். எங்கோ ஒரு குரங்குக் கூட்டம் பதில் கொடுத்தது. பள்ளத்தில் எட்டிப் பார்க்க வேண்டிய இடங்களில் நான் எட்டிப் பார்க்கவில்லை, முனுசாமியைப் பார்க்கச் சொன்னேன். அவன் பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் என் மனசில் சுடலைமுத்து செத்து, தந்தி போய், போலீஸ் வந்து, நான் ஜெயிலில் களி தின்று முடித்திருந்தேன். நடுவில் ஒரு தடவை, "இறந்தவர் டோக்கனை என்ன செய்வது?" என்றுகூட யோசித்தேன். மூளை அப்படித்தான் வேலை செய்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான்.

பாலத்துக்கு வந்தபோது சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம், பாலம் முடிகிற இடத்தில், கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்தபடி சுடலைமுத்து உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்து முகம் திரும்பியது. கண் மட்டும் எங்களைப் பிடிக்கவில்லை.

"அண்ணாச்சியா? விக்கல் சத்தம் ரொம்ப நேரமா கேட்டுது. வாரீங்கன்னு தெரிஞ்சுக்கிட்டேன்."

"எழுந்து வாய்யா!"

"எப்படி வர? எனக்குத் தெரியலயே."

எனக்கு எல்லாமே தெரிந்தது. பாலத்தின் பலகை, கைப்பிடி, கீழே பிளவு, பிளவுக்குள் முளைத்திருந்த செடிகூடத் தெரிந்தது. நன்றாகவே வெளிச்சம் இருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அவனுக்கு சாயந்தரமானா கண்ணு தெரியாது அண்ணாத்தே" என்றான் முனுசாமி, கீழே பார்த்துக்கொண்டே. "செகண்ட் ஷிப்ட் முட்ச்சி வெளிய வந்தா, இருட்ல பலகையில நம்பரே தெரியாது. நான்தான் எட்த்து மாட்டுவேன். என் தோள புட்ச்சிகினுதான் ஊட்டுக்கு வருவான்."

"எத்தனை நாளா?"

"நாலு வருசம்."

நாலு வருஷம் என் கண் முன்னால், என் பலகையில். நான் போண்டா தின்றுகொண்டிருந்தேன்.

கண்ணைத் திறந்துகொண்டே அந்தப் பாலத்தைத் தாண்டினேன். வேறு வழியில்லை, அவர் கையைப் பிடிக்க வேண்டுமே. அவர் கை சில்லென்று இருந்தது. என் கை அதைவிடச் சில்லென்று இருந்தது. "நீங்க ஏன் அண்ணாச்சி நடுங்குதீங்க?" என்று கேட்டார். முனுசாமி முன்னால், அவன் தோளில் கை வைத்தபடி சுடலைமுத்து, அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு நான். காவலாளி டார்ச்சோடு பின்னால் வந்துகொண்டே, "இவருக்கு அவரு துணையா, அவருக்கு இவரு துணையா?" என்றார்.

"சாயந்தரமானா தெரியாதுன்னு தெரிஞ்சவன் ஏன்யா மேலயே நின்னே?" என்று பாதி வழியில் கேட்டேன்.

ஏழெட்டுப் படி இறங்கிய பிறகு சொன்னார். "போன மாசம் எழும்பூர் கண்ணாஸ்பத்திரில காட்டுனேன். இது சரியாகாதாம். பகல்லயும் பக்கவாட்டுல கொஞ்சம் கொஞ்சமா அடைச்சுக்கிட்டே வருமாம். கடைசில குழாய் வழியா பாக்க மாதிரி இருக்குமாம். அப்புறம் அதுவும் போயிருமாம். அந்த உச்சில நின்னா நாலு பக்கமும் தெரிஞ்சுது அண்ணாச்சி. விட்டுட்டு வர மனசு வரல. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு நின்னுட்டேன்."

விக்கல் எப்போது நின்றது என்று தெரியாது.

"அண்ணாச்சி, மெஷின்லேருந்து எடுத்துருவாக. யாருட்டயும் சொல்லாதீங்க."

"சொல்ல மாட்டேன்" என்றேன்.

கீழே பஸ் விளக்கைப் போட்டுக்கொண்டு நின்றது. பார்வதி ஓடிவந்து அவர் கையை வாங்கிக்கொண்டாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. சபாபதி சார் வாசலில் நின்றுகொண்டு, அவர்கள் இரண்டு பேரும் நடந்துபோவதைப் பார்த்தார்.

"என்னாச்சு?"

"குரங்கு சார். செருப்பத் தூக்கிட்டுப் போயிடுச்சு. அதைத் தேடிக்கிட்டு லேட்டாயிடுச்சு."

குட்டை சரியும் இல்லை, நீள சரியும் இல்லை. அதுவரை அப்படி நடந்ததில்லை.

மறுநாள் அறிக்கை எழுத வேண்டும். சபாபதி சாரின் அறிக்கை எப்போதும் மூன்று வரி. முதல் வரி நடந்தது, இரண்டாம் வரி காரணம், மூன்றாம் வரி இனி செய்ய வேண்டியது. முதல் வரி: ஊழியர் ஒருவர் இரண்டரை மணி நேரம் தாமதம். இரண்டாம் வரி: குரங்கு. மூன்றாம் வரி: மலைக்குச் செல்வோர் செருப்பைக் கவனமாக வைத்துக்கொள்ள வேண்டும். கொண்டுபோய்க் கொடுத்தேன்.

படித்தார். கண்ணாடியைக் கழற்றி, இடது, வலது, துடைத்து மாட்டினார்.

"குரங்கு செருப்பத்தானே எடுத்துச்சு?"

"ஆமா சார்."

"கண்ண எடுக்கலையே?"

விக்கல் வந்துவிட்டது. அந்த அறையில் அதுதான் என் வாக்குமூலம்.

"கோதண்டம், லேத்துல நிக்கிற ஆளு. இன்னிக்கு சாயந்தரம் கண்ணு தெரியல. நாளைக்குப் பகல்லயே தெரியாது. இரும்பப் பிடிச்சுச் சுத்துற சக்குல கை போச்சுன்னா, அன்னிக்கும் நீதான் அறிக்கை எழுதணும். அப்ப ரெண்டாவது வரில எந்தக் குரங்க எழுதுவே?" காதிலிருந்த பென்சிலை எடுத்து என் முன்னால் வைத்தார். "நான் எழுத மாட்டேன். மேல ஏறினவன் நீ. மூணாவது வரிய நீயே மாத்தி எழுது."

தமாஷாக ஏதாவது தோன்றும் என்று காத்திருந்தேன். தோன்றவில்லை. எழுதினேன்: சுடலைமுத்துவுக்குக் கண் பரிசோதனை செய்ய வேண்டும்.

பத்து நாளில் அவரை மெஷினிலிருந்து எடுத்தார்கள். வேலை போகவில்லை. சபாபதி சார் மூன்று பேரிடம் நடந்து, கருவி ஸ்டோரில் பகல் வேலையாகப் போட வைத்தார். உளியையும் மைக்ரோமீட்டரையும் கொடுத்து வாங்குகிற வேலை. ஆனால் பன்னிரண்டு வருஷம் கடைசல் பிடித்தவரை ஜன்னலுக்குப் பின்னால் உட்கார வைத்தால் எப்படி இருக்கும்? மெஷின்காரன் மெஷின்காரன்தான். முனுசாமி கேட்டில் என்னைப் பார்த்து, "வாக்கு குட்த்துட்டு காட்டிக் குட்த்துட்டியே அண்ணாத்தே" என்றான். மூன்று நாள் சஸ்பெண்ட் வேறு அவனுக்கு, மலையில் மாட்டிய டோக்கனுக்காக இல்லை, நாலு வருஷமாகக் கேட்டில் மாட்டியது விசாரணையில் வெளியே வந்ததற்காக. அந்தக் காகிதத்தையும் நான்தான் டைப் அடித்தேன்.

சுடலைமுத்து என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். சண்டை போடவில்லை. எதிரில் வந்தால் எனக்கு வழிவிட்டு நிற்பார். அதற்குத் திட்டியிருக்கலாம். நான் செய்தது சரியா என்று பல பேரிடம் கேட்டிருக்கிறேன். எல்லோரும் சரி என்றார்கள். சரி என்று கேட்டுக் கேட்டுச் சலித்துப்போனதுதான் மிச்சம். அதற்கப்புறமும் ஏழு டூர் போனேன், எல்லாம் சமதரையான ஊர்களாகப் பார்த்து. ஆட்கள் எல்லோரும் திரும்பி வந்தார்கள். ஒவ்வொரு தடவையும் விக்கினேன்.

விருப்ப ஓய்வு வாங்குகிறவன் பிரிவு பிரிவாகப் போய், என்னிடம் எந்தப் பொருளும் இல்லை என்று கையெழுத்து வாங்க வேண்டும். கருவி ஸ்டோரைக் கடைசிக்கு வைத்திருந்தேன். கடைசியும் வந்தது. ஜன்னலில் காகிதத்தை நீட்டினேன். சுடலைமுத்து அதை மூக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து, கோட்டைத் தேடினார். மத்தியான வெயில். அப்போதும் தேடினார். அவர் விரலை எடுத்து அந்தக் கோட்டின் மேல் வைத்தேன். கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"டைம்கீப்பர் அண்ணாச்சிதானே?"

"ஆமா சுடலை."

"விக்கலக் காணும்."

"இன்னையோட ரிட்டயர் ஆயிடுச்சு."

சிரிக்கவில்லை. பேனாவைத் திறந்தார், கையெழுத்துப் போடவில்லை. "ஒண்ணு கேக்கணும். செஞ்சியில உச்சில ஒரு சுனை இருந்துச்சே, பாறைக்கு நடுவுல. அந்தத் தண்ணி எப்படி இருந்துச்சுன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கா? எனக்கு ஒரு மாதிரி நினைப்பு இருக்கு. ஆனா நெசமாவே பாத்தேனா, நானா மனசுல சேத்துக்கிட்டேனான்னு தெரியல. வேற யாராச்சும் பாத்தவங்க சொன்னா நல்லாயிருக்கும்."

பச்சையாக இருந்தது, நீலமாக இருந்தது, எதையாவது சொல்லியிருக்கலாம். குரங்கைக் கண்டுபிடித்தவனுக்கு ஒரு சுனை கஷ்டமா?

"நான் பாக்கல சுடலை. உங்க தலைகளத்தான் எண்ணிக்கிட்டிருந்தேன்."

"ம்" என்றார். எனக்குப் பின்னால் உளியும் சுத்தியலுமாக மூன்று பேர் வரிசையில் நின்று, "இன்னா சார், சீக்கிரம்" என்று முணுமுணுத்தார்கள். அவர் அவர்களைக் கவனிக்கவில்லை.

"அப்ப நான் சொல்லுதேன், கேளுங்க. தண்ணி கறுப்பு. அழுக்கு இல்ல, ஆழக் கறுப்பு. அதுல ஒரு துண்டு வானம் கெடந்துச்சு. காத்தே இல்ல, ஒரு இலை மெதந்துச்சு, அசையல. சுத்தி இருந்த பாறைல வெயில் சாயச் சாய, மொதல்ல மஞ்சளாச்சு, அப்புறம் செங்கல் மாதிரி ஆச்சு. எதுத்த மலை மதில் மேல ரெண்டு ஆடு நின்னுச்சு..."

அவர் சொல்லிக்கொண்டே போனார். ஆட்டுக்குப் பின்னால் கடலைக் கொல்லை, அதற்கும் பின்னால் ஏரி, ஏரிக்கரையில் சைக்கிளில் போன ஒருத்தன். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவர் முடிக்கும்வரை நின்று கேட்டேன். அப்புறம்தான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.